சதுக்கத்தில் கண்ணாடி

செகந்திராபாத் சதுக்கத்தில் வரப்போகும் ஜவுளிக்கடைக்கு ஐந்து மாடிக்கும் கண்ணாடி முகப்பு. அது வேண்டுமா, வேண்டாமா என்று பொதுமக்கள் கருத்தைக் கேட்கக் கூட்டம் போட்டிருந்தார்கள். தனசிங் மைக்கைப் பிடித்துத் தெலுங்கில் வெளுத்து வாங்கினார்.

“சாயங்கால வெயில் அந்தக் கண்ணாடியில பட்டு, எதிரே இருக்கிற எங்க சர்ச்சுக்குள்ள அடிக்கும். ஆராதனையில பீடத்தை ஏறிட்டுப் பார்க்க முடியாது. இதை வரைஞ்சவங்க ஒரு நாளாவது இங்க வந்து நின்னு பார்த்தாங்களா?”

மேடையில் இருந்த ஆர்க்கிடெக்ட் ஜெனிட்டா எழுந்தாள்.

“கடை முதலாளி கேட்டதைத்தான் சார்...”

“முதலாளி சொன்னா கண்ணை மூடிக்கிட்டு வரைஞ்சிடுவீங்களா மேடம்?”

“ஹவ், ஆமா, சரியாக் கேட்டார்!” என்று பின்வரிசையில் கைதட்டினார்கள்.

ஜெனிட்டா டம்ளரை எடுத்து அவசரமாகத் தண்ணீர் குடித்தாள். புரையேறியது. மூச்சுவிட முடியாமல் இருமினாள். கண்ணில் நீர் கோத்துக்கொண்டது.

தனசிங் மைக்கைப் போட்டுவிட்டு மேடைக்கு ஓடினார். அவள் உச்சந்தலையில் மெல்லத் தட்டினார்.

“ஒண்ணுமில்ல பாப்பா, ஒண்ணுமில்ல. யாரோ உன்னைத் திட்டுறாங்க” என்றார், பழக்கதோஷத்தில், தமிழில்.

கைதட்டிய பின்வரிசைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

“நீங்கதானேப்பா” என்றாள் ஜெனிட்டா.