பிலோமினா பாடும் இடம்

பழைய ஜாஸ் பாட்டுகளைத் தன் சாக்ஸபோனில் புது விதமாக வாசித்து டெரன்ஸ் ஓர் ஆல்பம் வெளியிட்டிருந்தார். கடைசிப் பாட்டின் நடுவே மட்டும் வாசிப்பை நிறுத்தி, மௌனமாக விட்டிருந்தார். மேடையில் அந்த இடத்தில்தான் அவர் மனைவி பிலோமினா பாடுவாள். அவள் போய்ச் சேர்ந்த பிறகு அங்கே ஊத அவருக்கு மனம் வரவில்லை.

மெல்பர்னிலிருந்து மகள் மெர்லின் கூப்பிட்டாள். "கடைசிப் பாட்டக் கேட்டு அழுதுட்டேன்ப்பா. அதுவும் அம்மா பாடுற இடத்துல ஒரு வயலின் வருதே!"

டெரன்ஸுக்குத் திக்கென்றது. கேட்பவர் காதில் மாட்டியிருக்கும் ஏஐ கருவி, பதிவானாலும் நேரடியானாலும் தன் வாசிப்பு எதையும் அவரவர் ரசனைக்கேற்பக் கூட்டிக் குறைத்து மாற்றித் தரலாம் என்று சம்மதம் கொடுத்தவர் அவர்தான். கொடுக்காவிட்டால் இந்தக் காலத்தில் யார் சீந்துவார்கள் என்று நினைத்திருந்தார்.

"அங்க வயலினே கிடையாதும்மா. சும்மா விட்டிருக்கேன். இப்ப நானே வாசிக்கிறேன், கேளு."

போனைச் சுவரோரம் சாய்த்துவைத்து வாசித்தார். அந்த இடம் வந்ததும் சாக்ஸபோனை வாயிலிருந்து எடுத்தார். அறையில் மின்விசிறிச் சத்தம் மட்டும் இருந்தது. இப்போதாவது அம்மா இல்லாதது மகளுக்குக் கேட்கும்.

மெர்லின் விசும்பினாள்.

"கேட்டுச்சாம்மா?"

"கேட்டுச்சுப்பா. இந்தத் தடவ வயலின் இன்னும் நல்லா இருக்கு."