கிணற்றுப் புறாவின் துணைக்குரல்

பாழுங்கிணற்றின் சுவர்ப் பொந்தில் ஒரு புறா தனியாக அடைகாத்தது. அது ‘கூ’ என்றால் கிணறும் ‘கூ’ என்றது. தன்னோடு சேர்ந்து பாட ஒருவர் இருப்பதாகப் புறா நம்பியது. அடியிலிருந்து தவளை ‘கொர்’ என்றால் மட்டும் கோபம் வரும்.

“எங்க பாட்டைக் கெடுக்காதேண்ணே!”

“எங்க பாட்டா? இன்னொருத்தர் யாரு தங்கச்சி?” என்று சிரிக்கும் தவளை.

ஒருநாள் கிணற்று விளிம்பில் சருகு சரசரத்தது. முட்டைகளை அணைத்துக்கொண்டு, “பாம்பு வருதா?” என்று புறா கிணற்றைக் கேட்டது.

“பாம்பு வருதா?” என்றது கிணறு.

புறா அழுதுகொண்டே மறுபடி கேட்டது. அதே கேள்விதான், அதே அழுகையோடு திரும்பி வந்தது.

“பாம்பு இல்ல, ஓணான்தான் தங்கச்சி. இங்கேருந்து எனக்கு நல்லாத் தெரியுது. நீ கண்ணை மூடு, நான் பார்த்துக்கறேன்” என்றது தவளை.

புறா மெல்ல ‘கூ’ என்றது. தவளை தயங்கித் தயங்கி ‘கொர்’ என்றது.

“இன்னும் கொஞ்சம் சத்தமாண்ணே.”