குவளைத் தண்ணீர்

பக்கத்தில் வந்து உட்காருங்கள் கண்ணுகளா, ஒரு முரடனின் கதை சொல்கிறேன்.

சிறையில் தகராறு செய்பவர்களைத் தனித்தனியே பூட்டி வைக்கும் கட்டடம் அது. அதில் மிஞ்சியவன் அவன் ஒருவன்தான். வருஷக்கணக்காகச் சுவரையே பார்த்துக் கிடந்தவனிடம் அதிகாரி வந்தார்.

"நாளையிலிருந்து நீ மத்தவங்களோட இருக்கலாம்."

அவன் குவளைத் தண்ணீரை அவர் முகத்திலேயே வீசினான்.

"இன்னும் ஒரு வருஷம் இங்கேயே கிட!" என்று கத்திவிட்டுப் போனார் அதிகாரி.

அந்தக் கட்டடத்துக் காவலர் கம்பிக்கு வெளியே அலுத்துப்போய் உட்கார்ந்தார். "புத்தி கெட்டவனே! உன்னை விடச் சொல்லி அவர் கால்ல விழுந்தது நான்டா."

"தெரியும்ணே."

"தெரிஞ்சுமாடா வீசினே?"

"நான் போனா இந்தக் கட்டடத்தை மூடிடுவாங்க. உங்களை ஏதோ தூரத்துச் சிறைக்கு மாத்திடுவாங்களாம், அதிகாரிங்க பேசிக்கிட்டது காதுல விழுந்துச்சு. உங்க வீட்டுல படுத்த படுக்கையா கிடக்கிற அண்ணிக்குச் சோறு ஊட்ட வேற யாருண்ணே இருக்கா?"

காவலர் கம்பிக்குள் கைவிட்டு அவன் தலையைத் தடவினார்.

"என்னை மாத்திடுவாங்கன்னு தெரிஞ்சுதான்டா நானும் கால்ல விழுந்தேன்" என்றார்.

உங்கள் வீட்டில் யாரும் ஒற்றையாய்க் கிடக்காமல், கூப்பிட்ட குரலுக்கு ஆள் இருக்க, நிறைந்து வாழுங்கள் கண்ணுகளா.