ஊறிய கரை

அன்று ஏரிக்கரை வளையில் கூடியவர்கள்: பெருச்சாளித் தலைவர், எலிகள் நான்கு, அவற்றில் செம்பி என்பவளின் வயிற்றோடு ஒட்டிய கண் திறக்காத குட்டி ஒன்று, நத்தை ஒன்று. ஆக ஏழு.

தலைவர் தரும் நெல்லைத் தின்றவர்களே கூட்டத்தில் பேசலாம் என்பது அங்கே வழக்கம். நத்தை நெல் தின்பதில்லை. ஆனால் சுவரெல்லாம் ஊர்ந்து பார்த்திருந்ததால் அன்று வாய் திறந்தது.

"தலைவரே, கரை ஊறிப்போயிருக்கு. இன்னைக்கே மேட்டுக்குப் போகணும்."

"பீதி கிளப்புறியா? இன்னொரு வார்த்தை பேசினா ஓட்டோடு கடிச்சிடுவேன்!"

எலிகள் நெல்லைக் கொறித்தபடி தலைகுனிந்தன. நத்தை ஓட்டுக்குள் ஒடுங்கியது. உள்ளிருந்து குரல் மட்டும் வந்தது.

"என்னை நம்ப வேண்டாம். அவங்கவங்க வளைக்குப் போய்ச் சுவர்ல முதுகைச் சாய்ச்சுப் பாருங்க."

எலிகள் போயின. திரும்பி வந்தபோது ஒன்றுகூட நெல்லைத் தொடவில்லை.

"யார் சொல்லி இப்படி நிக்கிறீங்க?" என்று தலைவர் பல்லைக் காட்டினார்.

"யாரும் சொல்லலை," என்றாள் செம்பி. "எங்க முதுகைத் தொட்டுப் பாருங்க."

தலைவர் தொட்டார். நான்கு முதுகுகளும் நனைந்திருந்தன.

"கிளம்புங்க!" என்றார்.

அவர்கள் மேடேறியதும் கரை உடைந்தது. செம்பி எண்ணினாள். ஆறுதான் வந்தது.

"ஐயோ, நத்தையண்ணன் எங்கே?"

தலைவர் குனிந்து வாயைத் திறந்து, நத்தையை மெதுவாகக் கீழே வைத்தார். ஓட்டில் ஒரு கீறல் இல்லை.

"இந்த மேடு தாங்குமா?" என்று அதனிடம் கேட்டார்.

நத்தை ஊரத் தொடங்குமுன்பே எலிகள் நான்கும் மண்ணில் மல்லாந்து முதுகால் ஈரம் பார்த்துக்கொண்டிருந்தன.

பிழைத்தவர்கள் ஏழு.