முதல் ஓனர்

பெருந்துறை தாண்டியதும் கார் ஒருமுறை இருமியது.

உள்ளே கடகடவென்று என்னமோ உடைந்தது. அப்புறம் சத்தமே இல்லை.

அவன் கதவைத் திறந்து குதித்தான். பானெட்டைத் தூக்கினான். புகை. கருகின ஆயில் வாடை. என்ஜின் செத்தே போயிருந்தது.

அவன் ஆடினான்.

பொய்யில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, இரண்டு கையையும் தூக்கி, ரோட்டோரமாக ஆடினான். அந்த வழியாகப் போன டவுன்பஸ் நின்றது.

"யாருக்குங்க அடி?" டிரைவர் எட்டிப் பார்த்தார்.

"என்ஜின் போயிருச்சுங்க! மொத்தமாப் போயிருச்சு!"

டிரைவர் ஒரு கும்பிடு போட்டுவிட்டு பஸ்ஸை எடுத்தார்.

அவருக்கு என்ன தெரியும்?

அந்த என்ஜினுக்கு வாழ்நாள் வாரண்டி.

ஷோரூம்காரர் சொன்னது அவனுக்கு மனப்பாடம். டயர், பிரேக், வைப்பர் என்று தேய்கிற சாமானெல்லாம் உங்கள் பாடு. என்ஜின் தானாக உடைந்தால் புதுசு போட்டுத் தருவது எங்கள் பாடு. சர்வீஸை மட்டும் எங்களிடமே விட வேண்டும், தவறாமல்.

தங்கச்சி வளைகாப்புக்குப் போகாமல் இருந்திருக்கிறான். சர்வீஸுக்குப் போகாமல் இருந்ததில்லை.

என்ஜின்தான் மசியவில்லை.

ஊரில் எல்லார் காரும் ஒழுங்காகப் பழுதாகிக்கொண்டிருந்தன. இது மட்டும் கோயில் காளை மாதிரி நின்றது. ஏற்காட்டு மலையில் ஏற்றிப் பார்த்தான். கொண்டை ஊசி வளைவில் முக்கிக்கொண்டு நின்ற ஒரு பலாப்பழ லாரியையும் சேர்த்து இழுத்துக்கொண்டு மேலே போனது. இறங்கிப் பானெட்டில் காதை வைத்தால் தூங்குகிற பிள்ளை மாதிரி மூச்சு விட்டது.

இன்றைக்குத்தான் வழிக்கு வந்தது.

டிராக்டர் பிடித்துக் கயிறு கட்டினான். காருக்குள் உட்கார்ந்து, ஜன்னலுக்கு வெளியே கையை ஆட்டிக்கொண்டே வந்தான். தேர் வருகிறது என்று ஒரு பெட்டிக்கடைக்காரர் தேங்காய் உடைத்தார்.

சர்வீஸ் சென்டர்.

அட்வைசர் நவநீதன் கம்ப்யூட்டரைத் தட்டினார். தட்டிவிட்டுக் கழுத்து டையைத் தளர்த்தினார்.

"ஆர்.சி.யை உங்க பேருக்கு மாத்திட்டீங்களா சார்?"

"மாத்தீட்டனுங்க." நெஞ்சு நிமிர்ந்தது.

மாற்றாமல்?

கல்யாணத்துக்குக் கார் கொடுத்த மாமனார், அதை மகள் சாந்தாமணி பேரில் பதிந்தல்லவா கொடுத்தார்! டீக்கடையில் தினமும் அதே பாட்டு. "ஏப்பா மாப்ள, ஹார்ன் அடிக்கறதுக்கு ஊட்ல கேட்டுட்டயா?" பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, போன தை மாசம் அவளை ஆர்.டி.ஓ. ஆபீசுக்குக் கூட்டிப்போனான்.

"நல்லா யோசிச்சீங்களா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள்.

"எனக்குத் தெரியாதா?"

கையெழுத்துப் போட்டாள். அன்றைக்கு டீக்கடை முழுக்க மைசூர்பாகு.

"வாழ்நாள் வாரண்டி முதல் ஓனருக்கு மட்டுந்தான் சார்," என்றார் நவநீதன். "வண்டி அவங்க பேர்ல இருக்கிற வரைக்கும். பேர் மாறின அன்னிக்கே முடிஞ்சுபோச்சு."

வெளியே டிராக்டர்காரர் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

அவன் மனசுக்குள் கணக்குப் போட்டான். புது என்ஜின் வாங்க வேண்டுமானால் அந்தக் காரையே விற்க வேண்டும். என்ஜின் இல்லாத காரை எவன் வாங்குவான்?

"சார், சார், இருங்க."

நவநீதன் ஸ்கிரீனுக்குள் தலையை விட்டார். எழுந்தே நின்றுவிட்டார்.

"எக்ஸ்டெண்டட் வாரண்டி இருக்கு சார்! உங்க பேருக்கு மாறின மறுநாளே எடுத்திருக்கு. ரெண்டு வருஷத்துக்கு. என்ஜினும் அதுல சேர்த்தி!"

"நான் எடுக்கலீங்களே."

"மேடம் வந்தாங்க சார். இப்பத்தான் ஞாபகம் வருது. பழைய வண்டிங்கறதால செக் பண்ணித்தான் கொடுப்போம், அந்த டெஸ்ட் டிரைவ் போனதே நான்தான். என்ன என்ஜினுங்க அது! மேடம்தான், இப்ப வண்டி அவர் பேர்ல இருக்குது, அவர் பேர்லயே போடுங்கன்னாங்க."



"புதுசு ஃப்ரீயாவே வந்துரும் சார்!" நவநீதன் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். மெக்கானிக்குகள் கல்யாண மாப்பிள்ளையை அழைத்துப்போவது போல, விசிலடித்துக்கொண்டே காரை உள்ளே தள்ளிப்போனார்கள்.

நவநீதன் கையை விடுவதாயில்லை. பிடுங்கிக்கொண்டு வெளியே வந்தான்.

போனை எடுத்தான்.

ஒரே ரிங்கில் எடுத்தாள். பின்னால் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது.

என்னென்னமோ சொல்ல வாயைத் திறந்தான்.

"சாப்பிட்டயா?" என்றான்.

மிக்ஸி நின்றது.



"என்ஜின் போயிருச்சுங்களா?" என்றாள் சாந்தாமணி.