கொக்கின் ஒற்றைக்கால் டிரவுசர்

முதல் கோல்ஃப் ஆட்டத்துக்காகக் கொக்கு ஓர் அரை டிரவுசர் தைக்கக் கொடுத்தது. அளவெடுக்கும்போது வழக்கம்போல ஒற்றைக்காலில் நின்றதால், டெய்லர் குரங்கு ஒரே கால் வைத்துத் தைத்துவிட்டது. கொக்கு நின்றபடியே போட்டுப் பார்த்தது. “எங்கேயும் இறுக்கிப் பிடிக்கலைய்யா, பிரமாதம்!”

ஆட்டத்தன்று அது அடித்த பந்து குழிக்கு ஒரு சாண் தள்ளிப் போய் நின்றது. போய்த் தட்டினால் ஜெயம். ஆனால், மடக்கிய காலை வெளியே நீட்ட வழியில்லை.

“பறந்தாவது போங்கண்ணே! விட்டா நான் நடந்தே ஜெயிச்சிடுவேன்போல,” என்று சிரித்தது எதிர்த்து ஆடிய ஆமை.

“பறந்தா இஸ்திரி கலைஞ்சிடும்டா,” என்ற கொக்கு, மைதானத்துக் காவலாளி நரியைக் கைதட்டிக் கூப்பிட்டது. “அந்தப் பந்தையும் குழியையும் கொஞ்சம் இந்தப் பக்கம் நகர்த்தி வையேன். டிரவுசர் அவ்வளவு சௌகரியமா இருக்கு!”