இறக்கைக்குள் ஒரு போல்ட்

மனைவி டீ போட உள்ளே போன சமயம் பார்த்து, அவர் சட்டைப் பையிலிருந்து போல்ட்டை எடுத்தார். வாசல் பக்கம் ஒரு தரம், சமையலறைப் பக்கம் ஒரு தரம் எட்டிப் பார்த்தார். விமான இறக்கையின் ஓரத்தில் இன்னும் தைக்காமல் இருந்த சந்துக்குள் அதை மெல்ல நழுவ விட்டார்.

எதிரியின் விமானத்துக்கு யாரோ சதி செய்கிறான் என்று நினைத்துவிடாதீர்கள். அது அவருடைய சொந்த விமானம்தான்.

மனுஷன் மேஜை நாற்காலி செய்கிற தச்சர். முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் உட்காருகிற குட்டி விமானம் ஒன்றை எட்டு வருஷமாகக் கார் ஷெட்டுக்குள் மரத்தில் இழைத்துக்கொண்டிருந்தார். தெருவே அவரை 'பைலட்' என்றுதான் கூப்பிடும். அவரும் மீசையை முறுக்கிக்கொண்டு, "உங்க மொட்டைமாடிக்கு மேலேயே பறந்து காட்டறேன் பாருங்க" என்று எல்லாரிடமும் அளந்து விட்டிருந்தார்.

வினையே அங்கேதான். பறக்கப் பழக்குகிற கிளப்பில் பத்து வகுப்புக்கு மொத்தமாகப் பணம் கட்டிவிட்டு முதல் வகுப்புக்குப் போனார். சக்கரம் தரையை விட்டதும் "இறக்குங்க சார், இறக்குங்க!" என்று அலறியவர், அப்புறம் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவே இல்லை. வீட்டில் சொல்லவும் வாய் வரவில்லை. வெளியே தெரிந்தால் எட்டு வருஷத்து மானம் ஒரே நாளில் கப்பலேறிவிடும்.

ஆகவே விமானம் முடியக்கூடாது. மரச்சட்டத்தின்மேல் துணி ஒட்டி, இஸ்திரிப் பெட்டியின் சூட்டில் அதை விறைப்பாக்கி, சட்டம் சட்டமாகத் தைத்து முடித்ததும், விமானத்தைச் சோதித்து அனுமதி தருகிற இன்ஸ்பெக்டர் வந்து இறக்கையை ஆட்டிப் பார்ப்பார். உள்ளே ஏதாவது உருண்டதோ, தொலைந்தது. அத்தனை துணியையும் கிழித்துப் போட்டுவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்கச் சொல்லிவிடுவார்.

முதல் தடவை ஒரு நட்டு உருண்டது. ரெண்டாவது தடவை மனைவியின் சின்னக் கத்தரிக்கோல். அவள்தான் டெய்லர், தையல் முழுக்க அவள் கைவேலை. "கத்தரிக்கோலை உள்ளேயே வெச்சுத் தெச்சிருக்கியே, கண்ணு எங்கே போச்சு?" என்று இன்ஸ்பெக்டர் முன்னால் இவரே அவளை அதட்டினார்.

அவள் புதுத் துணியை எடுத்து ஒட்டினாள். இருநூற்றுச் சொச்சம் முடிச்சையும் பொறுமையாக மறுபடி போட்டாள். அதை நினைத்தால் இவருக்கே நெஞ்சு குறுகுறுத்தது. என்ன செய்ய, பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

"என்னங்க, முகமெல்லாம் இப்படி வேர்க்குது?" டீ டம்ளரோடு மனைவி வந்தாள்.

"இஸ்திரிச் சூடுதான். வேற என்ன?"

"போய்க் குளிச்சிட்டு வாங்க. இன்ஸ்பெக்டர் வர்றதுக்குள்ள இந்தச் சந்தைத் தெச்சு மூடிடறேன்." குண்டூசி பொறுக்குகிற காந்தம் வழக்கம்போல் அவள் கழுத்தில் கயிற்றோடு தொங்கியது. செவ்வாயும் வெள்ளியும் பள்ளிச் சீருடைக்கு அளவெடுக்கப் போய் அலைந்ததில் முகம் கறுத்திருந்தது, ரெண்டு கண்ணையும் சுற்றி வட்டமாக மட்டும் கறுக்கவில்லை. 'பாவம், வெயில்' என்று நினைத்தபடி அவர் குளிக்கப் போனார்.

இன்ஸ்பெக்டர் வந்தார். இறக்கையைத் தூக்கினார், சாய்த்தார், காதை வைத்துக்கொண்டு ஆட்டினார். ஒரு சத்தமும் இல்லை.

"இன்னொரு தரம் நல்லா ஆட்டிப் பாருங்க சார்!" தச்சர் இறக்கையின் மறு முனையைத் தாமே பிடித்துத் தூக்கினார்.

"எத்தனை தரம் ஆட்டறது? அருமையான வேலை. அடுத்த மாசமே பறக்கலாம்." இன்ஸ்பெக்டர் படிவம் எடுக்கக் காருக்குப் போனார்.

தச்சர் தொப்பென்று முக்காலியில் உட்கார்ந்தார். "என்னால முடியாது. எனக்கு உயரம்னாலே பயம். உள்ளே போல்ட் போட்டது நான்தான். நட்டு, கத்தரிக்கோல், எல்லாம் நான்தான்" என்று கொட்டித் தீர்த்துவிட்டார். கண் கலங்கிவிட்டது.

"தெரியுமே." மனைவி காந்தத்தைக் காட்டினாள். அதில் போல்ட் ஒட்டிக்கொண்டிருந்தது. "துணி மேலே காந்தத்தை வெச்சு இழுத்தேன், சந்து வழியா வந்துடுச்சு."

"எப்படித் தெரியும்?"

"கிளப்புலேருந்து போன் பண்ணினாங்க. மிச்சம் ஒன்பது வகுப்பு வீணாப் போகுதேன்னு நான் போய்ச் சேர்ந்துட்டேன். அதுக்கு மேலே ஆன வகுப்புக்கெல்லாம் என் தையல் கூலியைக் கட்டினேன்."

"அப்போ செவ்வாய், வெள்ளி..."

"சீருடையுமில்லை, அளவுமில்லை. கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கிட்டுப் பறந்துட்டிருந்தேன்."

அவர் வாயைப் பிளந்தார். "எல்லாம் தெரிஞ்சும் முதல் ரெண்டு தடவை ஏன் எடுக்காம விட்டே?"

"அப்போ நான் பரீட்சை பாஸாகலையே! போன வாரம்தானே லைசென்ஸ் வந்துச்சு."

தச்சருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மானமும் தப்பியது, தலையும் தப்பியது! "நீ தாராளமா பறம்மா. நான் கீழே நின்னு கை ஆட்டறேன்" என்றார் வாயெல்லாம் பல்லாக.

அவள் டேப்பை எடுத்து அவர் இடுப்பைச் சுற்றி இறுக்கிப் பிடித்தாள்.

"இது எதுக்கு?"

"பின் சீட்டு பெல்ட்டுக்கு அளவுங்க."